திரும்பிப் பார்க்காத சாமி

பிப்ரவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, வீட்டுக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கடைக்காரம்மா எழுதுவது. என் உடம்பு நேற்று இருந்தபடி இன்றும் இருக்கிறது. உன்னுடையதும் அப்படியே இருக்கட்டும்.

நீ கம்ப்யூட்டரில் அனுப்பிய கதையைக் கடைக்காரம்மா பிரிண்ட் போட்டுவிட்டார். கட்டு நல்ல கனம், தலைக்கு வைத்துப் படுக்கலாம். இன்னும் புத்தகமாகவில்லை, பதிப்பகத்தில் ஏதோ ஆட்சேபம் சொல்கிறார்கள், "நீங்க ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லுங்கப்பா" என்று எழுதியிருந்தாய். கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைக்கிற ஆளிடம் போய் இதைக் கேட்கிறாயே என்று சிரித்தேன். சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எப்படிக் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடது காது போனது போனதுதான். வலது காதில் வாயை வைத்துக் கத்தினால் விழும். போனில் நீ பேசினால் டப்பாவுக்குள் வண்டை அடைத்த மாதிரி இருக்கிறது. படத்தோடு பேசினாலும் உன் வாய் அசைவதுதான் தெரிகிறது, நான் பாட்டுக்குத் தலையாட்டுகிறேன். அதனால்தானே நமக்குள் இந்தக் கடிதம். கடைக்காரம்மா என் வலது பக்கம் ஸ்டூல் போட்டுக்கொண்டு, மிஷின் ஓடும்போதே கத்திப் படிக்கிறார். கடைக்கு வருகிற எல்லோருக்கும் உன் கதை இனாம். முதல் நாள் லைசென்ஸ் நகல் எடுக்க ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். "என்னம்மா, யாரு செத்துட்டா, இப்படிக் கத்துறீங்க?" என்றார். "யாரும் சாகல. உசுரோட பாதாளத்துக்குப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டு இவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். மறுநாள் அந்த ஆள் நகல் எடுக்க ஒன்றும் இல்லாமலே வந்து நிற்கிறார். "அந்த மூணு தல நாய் என்னாச்சு?"

நாய் வரை வந்திருக்கிறோம். எனக்கு ஒரே குழப்பம். அண்ணன் தம்பி மூன்று பேர். ஒருத்தனுக்கு வானம், ஒருத்தனுக்குக் கடல், ஒருத்தனுக்குப் பாதாளம் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொண்டார்கள் என்கிறாய். பாதாளம் விழுந்தவன் சரி என்று எழுந்து போய்விட்டானா? எந்த வீட்டில் அப்படிப் பாகம் பிரிந்திருக்கிறது? அப்புறம் பாதாளம் விழுந்த இந்த ஹேடிஸ் என்கிறவன் மேலே வந்து ஒரு மனுஷியிடம் பெண் குழந்தை பெற்றுவிட்டு, மறுபடி கீழே போய்விடுகிறான். அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், அப்பன் யார் என்று தெரியாது. அவள் காலை ஊன்றினால் தரை வெடிக்கிறது. இதெல்லாம் சரி. அவள் அம்மாவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இன்னொன்று. நான் போர்வெல் வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பூமியில் ஓட்டை போட்டே காலத்தைக் கழித்தவன். கீழே தண்ணீர் வரும், கல்தூள் வரும், சில இடத்தில் ஒன்றுமே வராது. நீ சொல்கிற அரண்மனை எங்கேயும் தட்டுப்படவில்லை. தட்டியிருந்தால் துளை போடுகிற பிட்டு உடைந்து, முதலாளி என் சட்டையைத்தான் பிடித்திருப்பார்.

இப்படிக்கு,
அப்பா

(எழுதியவர் சேர்ப்பது: உங்கள் அப்பா பேசுகிற மாதிரியே எழுத எனக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்துக் கடிதம் மாதிரி ஆகிவிடுகிறது. தூக்கலாக இருக்கும் வார்த்தை என்னுடையது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது, ஆனால் நிறுத்த மனம் வரவில்லை.)


பிப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. கடைக்கார அக்காவுக்கு ஒரு பெரிய கும்பிடு. இதை அவர்தான் உங்கள் வலது காதில் படிக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். கெட்ட வார்த்தை எதுவும் வராது அக்கா, பயப்படாதீர்கள்.

பதிப்பகத்தின் ஆசிரியர் அம்மாள் சொல்வது இதுதான் அப்பா. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு எழுதுகிற மாயக் கதைகளில் பாதிக்குப் பாதி கிரேக்கச் சாமிகள் வந்துவிட்டார்களாம். "எங்க அலமாரிக்குள்ள கைய விட்டா ஏதாவது ஒரு கிரேக்க சாமி கையக் கடிக்குதும்மா" என்கிறார். ஒரு சாதாரணப் பிள்ளை, யாரென்று தெரியாத அப்பா, அந்த அப்பா சாமி என்று தெரியவருவது, ஒரு வாள், ஒரு பயணம். இரண்டு பக்கம் படித்தால் இருபதாவது பக்கத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்களாம். பூமியில் எத்தனையோ ஜனங்களிடம் எத்தனையோ சாமிகள் இருக்க, எல்லோரும் இந்த ஒரு குடும்பத்தின் வாசலிலேயே போய் நின்றால் எப்படி என்று கேட்கிறார். சாமியை மாற்று, இல்லை எடுத்துவிடு, ஏப்ரல் முடிவதற்குள் சொல் என்கிறார்.

எனக்கு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியவில்லை. அவர் சொல்வது தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சாமிகளிடம் எனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. பொறாமைப்படுவார்கள், பொய் சொல்வார்கள், சொந்தப் பிள்ளையையே மறந்துபோவார்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டில் இருக்கிற பெரியவர்கள் அப்படித்தானே தெரிவார்கள்? முக்கியமாக, இப்போது இவர்களைக் கும்பிடுகிற ஆள் அனேகமாகக் கிடையாது. என்ன எழுதினாலும் யாருக்கும் மனம் புண்படாது. வேறு எந்தச் சாமியைத் தொட்டாலும் யாராவது சண்டைக்கு வருவார்கள். இவர்களை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம்.

என் கதை மற்றது மாதிரி இல்லை, வேறு என்று ஆசிரியரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஒரு தடவை கேட்டதை மறக்க மாட்டீர்கள். கேட்டுவிட்டு, எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா, புதிதாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

ரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள், முன்னால் இல்லை.

அன்புடன்,
பாப்பா


பிப்ரவரி 26

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா சொல்வது. மாத்திரையை நீ சொன்ன மாதிரியே போடுகிறேன்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா என்றாய். நான் இதற்கு முன்னால் எதையும் கேட்டதே இல்லையே, எதை வைத்துச் சொல்வேன்? கடைக்காரம்மாவிடம் சொன்னேன். அவர் மகள் கல்லூரி விடுதிக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன அலமாரியில் இந்த ரகத்தில் ஒரு வரிசையே இருக்கிறதாம். கொண்டுவந்து குவித்துவிட்டார். உன் கட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு அதையெல்லாம் கேட்டோம். முழுதாக இல்லை, அங்கங்கே.

ஒன்றில் பேக்கரியில் வேலை பார்க்கிற பெண். ஒன்றில் பரீட்சையில் தோற்ற பையன். ஒன்றில் நீச்சல் போட்டிக்காரி, அவள் கடல் சாமியின் பெண்ணாம், அதைச் சொல்லவும் வேண்டுமா. நாய் எல்லாவற்றிலும் வருகிறது. ஒரு புத்தகத்தில் அதற்கு ரொட்டி போட்டு மயக்குகிறார்கள், ஒன்றில் பாட்டுப் பாடுகிறார்கள், ஒன்றில் அதுவே வாலாட்டிக்கொண்டு பின்னால் வந்துவிடுகிறது. ஒரே நாயை இத்தனை பேர் எழுதியிருக்கிறார்களே, முதலில் எழுதியவன் கேஸ் போடவில்லையா என்று கேட்டேன். அது யாருக்கும் சொந்தமில்லாத நாய் என்றார் கடைக்காரம்மா.

கடையில் பெரிய சண்டையே நடந்தது. வினாத்தாள் நகல் எடுக்க ஒரு டியூஷன் டீச்சர் வருவார். "பிள்ளைங்க புதுசா ஒரு பேரக்கூடக் கத்துக்க வேண்டாம். எழுதுறவங்களுக்கும் சோம்பல், படிக்கிறவங்களுக்கும் சோம்பல்" என்றார்.

டாக்ஸிக்காரர் விடவில்லை. "டீச்சரம்மா, என் வண்டியில ஏறுறவங்க முக்கால்வாசிப் பேரு போறது ஸ்டேஷனுக்குத்தான். அதுக்காக நான் ரூட்ட மாத்திட்டுக் குளத்துக்குள்ள விடவா?"

"ரூட்டு ஒண்ணாவே இருக்கட்டும்யா. ஏறுற ஆளுமா ஒண்ணா இருக்கணும்? தெனம் ஒரே ஆளு, ஒரே சட்ட, ஒரே பெட்டி. உங்களுக்கே சந்தேகம் வராது?"

"வாடகை குடுத்தா எனக்கு ஏன் வருது?"

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது. பேசி முடித்தவர் பக்கம் சாய்கிறேன், அடுத்தவர் வாயைத் திறந்ததும் இந்தப் பக்கம் வந்துவிடுகிறேன். இதுதான் என் அபிப்பிராயம் என்று உன் ஆசிரியர் அம்மாளிடம் சொல்லிவிடு, சந்தோஷப்படுவார்.

அதற்கப்புறம் உன் கட்டை மறுபடி பிரித்தோம். அப்பன் மேலே வருகிற இடம். அந்தப் பெண் ஓடிப்போய்ப் பின்னால் நின்று கூப்பிடுகிறாள். அவன் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிடுகிறாள். அவன் செருப்பை ரதத்தின் சக்கரத்தில் தட்டித் தட்டித் தூசியைப் போக்குகிறான், ஏறுகிறான், குதிரைகள் போய்விடுகின்றன. கடைக்காரம்மா அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை.

மற்றப் புத்தகங்களில் அப்பன்கள் ஓடிப்போனவர்கள்தான், ஆனாலும் கூப்பிட்டால் ஏதாவது பேசுகிறார்கள். இடி இடிக்கிறது, கனவில் வருகிறார்கள், ஒரு வாளையாவது எறிந்துவிட்டுப் போகிறார்கள். உன் சாமி ஒருத்தன்தான் வாயே திறக்காதவன். அது மட்டுமில்லை, மற்ற எந்தச் சாமி காலிலும் தூசி இல்லை.

வண்டியில் ஏறுமுன் பூட்ஸை டயரில் தட்டுவது நான். எங்கள் வண்டியில் வேறு யாரும் தட்ட மாட்டார்கள், அப்படியே சேறோடு ஏறுவார்கள். அதனால் கேட்கிறேன், கோபமில்லாமல் கேட்கிறேன். அந்த ஆள் நானா?

இப்படிக்கு,
அப்பா

(எழுதியவர் சேர்ப்பது: கோபமில்லாமல் என்பதை இரண்டு தடவை எழுதச் சொன்னார். ஒரு தடவை போதும் என்று நான்தான் விட்டுவிட்டேன்.)


மார்ச் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

ஐயோ, என்னப்பா இது. கதை அப்பா, கதை. செருப்புத் தட்டுவது எங்கேயோ மனத்தில் இருந்து வந்து ஒட்டிக்கொண்டது. தெரிந்தவர் சட்டையை எடுத்துப் பொம்மைக்குப் போடுவதில்லையா, அந்த மாதிரி.

இந்த ரகக் கதைகளில் அப்பா என்றாலே அப்படித்தான். நீங்களே அத்தனை புத்தகம் கேட்டீர்கள், எதிலாவது அப்பா வீட்டில் இருந்தாரா? இருந்தால் கதையே நகராது. எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் எழுதினேன். அதைப் போய் நீங்கள் மேலே போட்டுக்கொள்ளாதீர்கள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அலுவலகத்தில் மேல்மாடிக்கு மாற்றிவிட்டார்கள், ஜன்னல் கிடைத்திருக்கிறது.

அன்புடன்,
பாப்பா


மார்ச் 13

பாப்பா,

ஜன்னல் கிடைத்தது சந்தோஷம்.

உன் கடிதத்தைக் கடைக்காரம்மாவை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னேன். பழைய கடிதத்தையும் எடுக்கச் சொன்னேன். எடுக்காமலே எனக்கு நினைவிருந்தது, இருந்தாலும் அவருக்காக. ஆசிரியர் அம்மாளிடம் நீ சொல்வது: என் கதை மற்றது மாதிரி இல்லை. என்னிடம் நீ சொல்வது: எல்லாக் கதையையும் மாதிரிதான் இதுவும். இரண்டில் எது? நான் படித்தவனில்லை, எனக்கு ஏதாவது ஒன்றைச் சொல்லு.

கும்பிட ஆளில்லாத சாமி, திட்டினால் யாருக்கும் வலிக்காது என்று எழுதினாய். அதற்காகத்தான் எல்லோரும் அந்த வாசலில் போய் நிற்கிறார்களோ என்று தோன்றுகிறது. அங்கே திட்டினால் வீட்டில் யாருக்கும் கேட்காது. சரி. ஆனால் எனக்குக் கேட்டுவிட்டதே. டாக்ஸிக்காரருக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டது. அவர் அந்தச் சாமியை வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்தார். "பெத்த பொண்ணு கூப்பிடுது, திரும்பிப் பாத்தா கழுத்தா சுளுக்கிடும்?" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று தலையும் ஆட்டினேன்.

அந்த ஆள் நான் என்றால், அது எந்த நாள் என்று சொல்லு. எனக்கு எதுவும் மறக்காது என்று நீதானே சொல்கிறாய். தையல் கடைக்கு மேலே நாம் இருந்த அறை, மாடியில் நடுப்படி உடைந்திருந்தது, உன் அம்மா அதில் ஒரு கோணியை மடித்துப் போட்டிருப்பாள். உனக்கு முன்பல் விழுந்து, நான் வந்து இருந்த நாள் முழுக்க வாயைக் கையால் மூடிக்கொண்டே திரிந்தாய். நான் வாங்கி வந்த ரிப்பனைப் பிடிக்காமல் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்குக் கட்டிவிட்டாய். நீலநிறத் தண்ணீர்ப் புட்டியை என் பையில் திணித்துவிட்டு, எடுத்ததற்கு என்னையே திருடன் என்றாய். எல்லாம் இருக்கிறது. நீ கூப்பிட்டு நான் திரும்பாமல் போனது மட்டும் இல்லை. எத்தனை துழாவினாலும் இல்லை. நடக்காததை நீ எழுத மாட்டாய். நடந்ததை நான் மறக்க மாட்டேன். அப்புறம் இது எங்கே போயிற்று?

அப்பா

(எழுதியவர் சேர்ப்பது: உங்கள் கடிதம் வந்ததிலிருந்து கதை வேண்டாம் என்கிறார். வந்து உட்கார்ந்து மிஷினைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் குடும்ப விஷயம், நான் பேசக் கூடாது. ஆனால் பதில் எழுதிவிடுங்கள்.)


மார்ச் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

கேட்டுவிட்டீர்கள். எழுதுகிறேன்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். நீங்கள் வந்துவிட்டுக் கிளம்புகிற காலை. தெருமுனையில் வண்டி நின்றது, இஞ்சின் ஓடவில்லை, டிரைவர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். தெருவில் சத்தமே இல்லை. நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். நான் படியில் இறங்கி ஓடி வந்தேன். அப்பா என்று கூப்பிட்டேன். இன்னும் கிட்டே வந்து கூப்பிட்டேன். கை நீட்டினால் உங்கள் சட்டையைத் தொட்டிருக்கலாம், அவ்வளவு கிட்டே. நீங்கள் பூட்ஸைத் தட்டினீர்கள், ஏறினீர்கள், டிரைவர் வந்தார், போய்விட்டீர்கள். அம்மா மேலேயிருந்து, "விடுடி, அவருக்கு வேலை நெனப்பு" என்றாள்.

அதற்கப்புறம் நான் உங்களைப் பின்னாலிருந்து கூப்பிட்டதே இல்லை. நீங்களாகப் பார்க்கிற வரை காத்திருந்து பேசுவேன். வளர்ந்த பிறகும் அப்படியே பழகிவிட்டது. உங்களுக்கு அது தெரிந்திருக்காது.

உங்கள் காது போனது கடைசி சைட்டில், பாறை வெடித்தபோது. நான் அப்போது கல்லூரியே முடித்துவிட்டேன். அதனால் இந்த இரண்டையும் நான் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. அன்றைக்கு உங்களுக்குக் கேட்டது, திரும்ப மனமில்லை என்றே இத்தனை வருஷம் வைத்திருந்தேன். அம்மா இருந்தவரை அவளிடமும் கேட்கவில்லை.

நீங்கள் சொன்னது சரி. கிரேக்கச் சாமி என்பது எல்லோரும் போட்டுப் போட்டு நைந்த கோட்டு. அதைப் போட்டுக்கொண்டால் உள்ளே இருப்பது யார் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். கேட்கமாட்டார்கள் என்றுதான் போட்டேன்.

போன வாரம் சாமியை எடுத்துவிட்டு அந்த அத்தியாயத்தை எழுதிப் பார்த்தேன். ரதம் இல்லை, போர்வெல் லாரி. ஆசிரியர் அம்மாள் படித்துவிட்டு, "இது நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பிள்ளைங்களுக்கு இல்ல, உங்களுக்கு" என்றார். சாமி இருந்தால் பழசு. சாமி இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு ஆகாது. நான் நடுவில் நிற்கிறேன்.

உங்களைப் புண்படுத்த நினைக்கவில்லை அப்பா. நினைத்திருந்தால் உங்களுக்கே அனுப்பியிருப்பேனா? அனுப்பியதுகூட அதற்காகத்தானோ என்று இப்போது யோசிக்கிறேன். தெரியவில்லை.

பாப்பா


ஏப்ரல் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைக் கடைக்காரம்மா கடையில் வைத்துப் படிக்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படித்தார். அப்படியும் கத்தத்தானே வேண்டும், வெளியே யாருக்காவது கேட்டிருந்தால் கேட்டிருக்கட்டும்.

நான் யோசித்ததைச் சொல்கிறேன். சரியா என்று தெரியாது.

என்னைப் போல, குழிக்குள் இறக்குகிற இரும்பு ராடு மாட்டுகிறவன் நிற்கிற இடத்துக்கு இடது பக்கம்தான் கம்ப்ரஸர் நிற்கும். காலையில் இரைய ஆரம்பித்தால் பொழுது சாய்கிற வரை. காதில் பஞ்சு வைத்தால், கூட இருக்கிறவர்கள் பொம்பளை என்று கேலி செய்வார்கள், யாரும் வைப்பதில்லை. நீ சொல்கிற அந்தச் சமயத்தில்தான் எங்கள் டிரைவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, சின்னக் கல்லாக எடுத்து என் முதுகில் எறிவான். விளையாடுகிறான் என்று நினைத்து நானும் திருப்பி எறிவேன். ஒரு நாள் நான் பெரிய கல்லாக எறிந்ததில் அவன் மண்டை வீங்கிவிட்டது. "என்ன ஆளுய்யா நீ" என்று சிரித்தான். மற்றவர்களும் தோளைத் தட்டித்தான் பேசுவார்கள். நன்றாகப் பழகிவிட்டார்கள், கூச்சம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அம்மாவும் அந்தக் காலத்தில்தான் என் முன்னால் வந்து நின்று, முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். என்மேல் பிரியம் கூடிவிட்டது என்று நினைத்தேன். பிரியம் இல்லை என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

ஆக, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அவர்களுக்கே தெரியாமல். எனக்கு மட்டும் பாறை வெடிக்கிற வரை தெரியவில்லை. காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனால், போகிறது என்று எப்படித் தெரியும்? சத்தம் குறைந்தால் உலகம் அமைதியாகிவிட்டது என்றுதான் தோன்றும்.

இதைச் சொல்லிவிட்டேனே தவிர, முழுசாக நம்பவும் முடியவில்லை. ஒருவேளை உன் அம்மா சொன்ன மாதிரி வேலை நினைப்பிலேயே நின்றிருந்தாலும் நின்றிருப்பேன். முந்தின சைட்டில் குழிக்குள் ராடு சிக்கி ஒடிந்து கிடந்தது, அதை எப்படி எடுப்பது என்று ஒரே யோசனை. காது போயிருந்ததா, மனம் எங்கேயாவது போயிருந்ததா? கேட்காத சத்தத்தை நினைவில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இத்தனை நாளும் என் ஞாபகத்தைப் பெரிதாக நினைத்திருந்தேன். அதில் விழுந்தது மட்டும்தான் அதில் இருக்கிறது என்பதே இப்போதுதான் புத்தியில் ஏறுகிறது.

சாமியை எடுக்கவா வைக்கவா என்பதில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எடுத்தால் நான் தெருவில் நிற்கிறேன், வைத்தால் உன் ஆசிரியர் அம்மாளுக்குச் சலிப்பு. நீ எதைச் செய்தாலும் என் முகத்துக்காகச் செய்யாதே. டாக்ஸிக்காரரிடம் அந்த ஆள் நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் என் வலது பக்கம் வந்து நின்று, "அப்ப நாய்?" என்று கத்தினார். நாய் நான் இல்லை என்றேன்.

ஒன்று மட்டும் சொல்லு. அன்றைக்கு என்னை எதற்குக் கூப்பிட்டாய்?

அப்பா


ஏப்ரல் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தில் டிரைவர் மாமா கல் எறிந்த இடம் வந்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

புத்தகத்தில் சாமியை வைத்துவிட்டேன். அதே ஹேடிஸ், அதே பாதாளம். எல்லோரும் சலிக்கச் சலிக்க எழுதினதுதான், இன்னொரு தடவை எழுதிவிட்டுப் போகிறேன். ஆனால் அந்தச் சாமிக்குக் காது கேட்காது. பாதாளத்தில் ஓயாத சம்மட்டிச் சத்தம், யுகம் யுகமாக. தனக்குக் கேட்பதில்லை என்பதே அவருக்குத் தெரியாது. அவருக்குப் பயந்து யாரும் சொல்லவும் இல்லை. அந்தப் பெண் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே நிற்காமல், ரதத்தைச் சுற்றி நடந்து முன்னால் போகிறாள். குதிரைகள் கனைக்கின்றன. அவர் நிமிர்ந்து பார்க்கிறார். அதற்கு மேல் அவர் என்ன சொல்வார் என்று எழுத வரவில்லை, அத்தியாயத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

ஆசிரியர் அம்மாளுக்கு அனுப்பினேன். "இன்னும் ஒரு கிரேக்கக் கதைதான். ஆனா இந்த ஆள நான் எங்க அலமாரியில பாத்ததில்ல. யோசிச்சுச் சொல்றேன்" என்றார். முடியாது என்றும் சொல்லலாம்.

எதற்குக் கூப்பிட்டேன் என்று கேட்டிருந்தீர்கள். நினைவில்லை அப்பா. கடிதம் வந்ததிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன். ஏதாவது வாங்கி வரச் சொல்லவா, எதையாவது மறந்துவிட்டீர்கள் என்று கொடுக்கவா, சும்மாவா. கூப்பிட்டது இருக்கிறது, திரும்பாதது இருக்கிறது, முதுகில் சட்டை நனைந்திருந்ததுகூட இருக்கிறது. எதற்கு என்பது இல்லை. ஒரு கட்டுப் புத்தகம் எழுதியிருக்கிறேன், இதைக் கவனிக்கவே இல்லை பாருங்கள்.

அன்புடன்,
பாப்பா


ஏப்ரல் 17

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா சொல்வது. புது அத்தியாயத்தைக் கேட்டோம். டீச்சர் ஒன்றும் குறை சொல்லவில்லை, அதையே பாராட்டு என்று எடுத்துக்கொள். டாக்ஸிக்காரர், "அடுத்து அவரு என்ன சொல்றாரு?" என்றார். எழுதவில்லை என்றதும் அவருக்குக் கோபம், நகல் எடுக்காமலே போய்விட்டார். எடுப்பதற்கும் ஒன்றும் இல்லைதான்.

எதற்குக் கூப்பிட்டாய் என்று உனக்கே தெரியாதபோது நான் என்ன பதில் சொல்வது? இரண்டு நாளாக இதே யோசனை. தப்பு செய்தேன் என்றால், கேட்காததில் என்ன தப்பு என்று தோன்றுகிறது. தப்பில்லை என்றால், நீ அங்கே நின்றுகொண்டிருக்கிறாய். கடைக்காரம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். "சொல்லுங்கய்யா, மை காயுது" என்றார். சொன்னேன். "இவ்வளவுதானா?" என்று கேட்டார். அவ்வளவுதான், கூப்பிட்டால் வேறு என்ன சொல்வார்கள், அதை எழுதிவிட்டு மீதிப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள் என்றேன்.

என்னம்மா?

அப்பா